அடியில் வெட்டிய ஜாதகம்

எனக்கு வயது எழுபத்து மூன்று. வளர்த்து ஆளாக்கினது நாலு பேர். மூணு நான் பெத்தது, ஒண்ணு என் தங்கச்சி விட்டுட்டுப் போனது. நாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது. படிப்பு ரெண்டாம் வகுப்போடு சரி. பஸ் போர்டு படிப்பேன், என் பேரை எழுதுவேன். மீதியை யாராவது படித்துச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். கேட்டதை மறக்க மாட்டேன்.

போன வாரம் என் பெரிய பேரனுக்கு ஒரு ஜாதகம் வந்தது. செங்கம் பக்கத்துப் பெண். தபாலில் இல்லை, தரகர் கையிலும் இல்லை, பேத்தியின் போனில் வந்தது. கட்டமெல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் ராகு உட்கார்ந்திருக்கிற கட்டத்தின் மேலேயே ஒருத்தி தலையை விரித்துப் போட்டு ஆட்டுகிறாள். கூந்தல் எண்ணெய் விளம்பரமாம். ஜாதகம் வந்தால் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கை பழக்கத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு விரலை நீட்டிவிட்டேன்.

"அய்யோ ஆயா, போனு!" என்று பிடுங்கிக்கொண்டு ஓடினாள். அதற்குள் ஒரு மூலையில் பட்டுவிட்டது. விளம்பரம் திறந்துகொண்டு, எத்தனை பாட்டில் வேண்டும் என்று என்னையே கேட்கிறது.

விரலில் மஞ்சள் காயாமல் இருந்தது. முகர்ந்து பார்த்தேன். ஈர மஞ்சள் வாசனைக்குப் பின்னால் இன்னொரு வாசனை ஒட்டிக்கொண்டு வர வேண்டும் எனக்கு. பிரிண்டர் ரிப்பன் மை வாசனை. சூடான இரும்பும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி இருக்கும். மஞ்சள் பட்டதும் அந்த மை லேசாகக் கரைந்து பச்சையாகும். எங்கள் கடையில் பாதிக்கு அந்த வாசனை, மீதிப் பாதிக்குச் சூடம், ஊதுவத்தி.

கடை திருவண்ணாமலைக் கோயிலில் மேற்கே இருக்கிற பே கோபுரத்துப் பக்கம். முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். தேங்காய், சூடம், நெய் விளக்கு, அர்ச்சனைத் தட்டு. கோயில் வாசலில் கடை வைத்தவர்களுக்குத் தெரியும், அங்கே சரக்கு முதலில், காசு அப்புறம். "சாமி பாத்துட்டு வந்து குடுங்க, போங்க" என்று தட்டைக் கையில் கொடுத்துவிடுவோம். உள்ளே போனவர்கள் அப்படியே ராஜகோபுரம் வழியாக வெளியே போய் பஸ் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். செருப்பு எங்களிடம் இருக்கிறதே. ஒரு தரம் ஒரு பெரிய மனுஷர், நல்ல தோல் செருப்பை விட்டுப் போனவர், திரும்பவே இல்லை. ஒரு தேங்காய்க் காசுக்கு அத்தனை விலைச் செருப்பு. எங்கள் வீட்டுக்காரர் அதை ரெண்டு வருஷம் போட்டு நடந்தார். அவருக்கு அதில் கால் கடித்தது என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

எங்கேயோ போய்விட்டேன். பிரிண்டர் வாசனைக்கு வருகிறேன்.

நாலு பேரில் ரெண்டாவது மலர். பன்னிரண்டாவது முடித்து, டைப்பிங் முடித்து, கம்ப்யூட்டர் கிளாசும் போய் வந்தவள். "நைனா, கடையில பாதி எனக்குக் குடு" என்று அப்பாவிடம் கேட்டு, ஒரு பழைய கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் கொண்டுவந்து இறக்கினாள். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் எங்கள் தெருவில் சாமிக்கு அடுத்த மரியாதை. துணி போட்டு மூடி வைத்து, வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பேன். கூடப் படித்த பெண் ஒருத்தி அவளுக்கு ஒரு பிளாப்பி கொடுத்தாள். உள்ளங்கை அகலத்தில் கறுப்புத் தகடு மாதிரி இருக்கும். அதற்குள்ளே ஜாதகம் கணிக்கிற புரோகிராம் இருந்தது.

அதைப் போட்டதும் திரையில் முதலில் சில வரி வந்தது. எனக்குத் தெரியாத எழுத்து வந்தால் சந்தேகம் வரும். "இன்னாடி எழுதியிருக்குது, படி" என்றேன். மலர் படித்தாள். இதை யாருக்கு வேண்டுமானாலும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். முப்பது நாள் உபயோகித்துப் பாருங்கள். பயன்பட்டால் இந்த விலாசத்துக்குப் பணம் அனுப்புங்கள். பயன்படாவிட்டால் அழித்துவிடுங்கள். கீழே திருநெல்வேலிப் பக்கத்து விலாசம் ஒன்று.

எனக்கு ஒரே ஆச்சரியம். "ஏன்டி, இந்த ஆளு செருப்பு கூட வாங்கி வச்சுக்கலயே!"

எங்கள் வீட்டுக்காரருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. "அழிச்சுடுனு சொன்னா அழிச்சுட்டமானு வந்து பாக்கப் போறானா? ஓட்டு" என்றார். மலர் ஓட்டினாள். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டத்தில் பாதி எங்கள் கடை வாசலில் நிற்கும். பிரிண்டர் கர்ர் கர்ர் என்று கத்திக்கொண்டே ஜாதகத்தைத் தள்ளும். அந்தச் சத்தத்துக்கே கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. காகிதத்தின் ரெண்டு ஓரமும் ஓட்டை ஓட்டையாக இருக்கும். கிழித்துப் போட்டால் அந்தப் பட்டையைத் தெருப் பிள்ளைகள் மாலையாகப் போட்டுக்கொண்டு ஓடும். பிறந்த ஊரைத் தேர்ந்தெடுக்கப் புரோகிராமில் ஒரு பட்டியல் உண்டு, அதில் திருவண்ணாமலை மட்டும் இல்லை. உலகமே நம்ம மலையைச் சுற்றுகிறது, புரோகிராம் எழுதின மனுஷருக்குத் தெரியவில்லை. வேலூர் என்று போட்டுத்தான் எடுப்பாள்.

முப்பது நாள் முடிந்தது. புரோகிராம் நின்றுபோகும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. அந்தப் புண்ணியவான் பூட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு ஜாதகத்தின் அடியிலும் ஒரு வரி வர ஆரம்பித்தது. "இது சோதனைப் பிரதி. தவணை முடிந்தும் பணம் செலுத்தப்படவில்லை."

முதல் வம்பு கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலை ஊரிலிருந்து வந்தது. ஒரு அம்மா மகள் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போய், மறுநாள் விடிந்ததும் வந்து நிற்கிறாள். "இன்னா அநியாயம்மா இது? கையில காசு குடுத்துட்டுத்தான போனேன்? எம் பொண்ணு ஜாதகத்துல கடன்காரின்னு எழுதி வச்சிருக்கறீங்க!"

"அது உங்களச் சொல்லலங்க. எங்களச் சொல்லுது" என்றாள் மலர்.

"உங்களச் சொல்றத எம் பொண்ணு ஜாதகத்துல ஏன் போடறீங்க?"

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் மலர் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "பணம் அனுப்பிடலாம் நைனா. சும்மா பாக்கறவங்களுக்குத்தான் சும்மா குடுத்தாரு. நாம ஜனங்ககிட்ட காசு வாங்கறோமே."

"ஊர்ல அஞ்சாறு கடையில இதத்தான் ஓட்டறான். எவன் அனுப்பினான்?"

"அவங்க அனுப்பலனா?"

"அடுத்த மாசம் பாக்கலாம்."

புரோகிராம் எழுதினவர் கேட்டிருந்த தொகை அப்போது எங்கள் கடை வாடகை அளவு இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. கண்ணால் பார்க்காத ஆளுக்குக் காசு கொடுக்க அவருக்குக் கை வராது, அவ்வளவுதான். மறுநாளே ஒரு வழி கண்டுபிடித்தார். சூடம் பாக்கெட் வெட்டுகிற கத்திரிக்கோலால் ஒவ்வொரு ஜாதகத்திலும் அந்த அடி வரியை நறுக்கென்று வெட்டிக் கொடுத்தார். மலர் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிறகு யாரும் வம்புக்கு வரவில்லை. வம்பு வராதவரைக்கும் எல்லாம் சரிதான் என்று நானும் இருந்துவிட்டேன்.

அப்போதுதான் மலருக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு இடம் வந்தது. மல்லாட்டை வியாபாரக் குடும்பம். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சு. பையனுக்கு ரைஸ் மில்லில் கணக்கு வேலை. மலர் அவனைப் பஸ்ஸில் பார்த்திருக்கிறாள் போல. கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு ரிப்பனை மாற்றினாள், ரிப்பன் நன்றாகத்தான் இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. அவளே தன் ஜாதகத்தை அச்சடித்து வைத்தாள். நான் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வருவதற்குள் எங்கள் வீட்டுக்காரர் கை பழக்கத்தில் கத்திரியை ஓட்டிவிட்டார். மலரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மஞ்சள் வைத்து அனுப்பினோம்.

பெண் பார்க்க வந்தார்கள். பையனோட அம்மா, அந்த அம்மாவின் தம்பி, இன்னும் ரெண்டு பேர். தம்பி கீழ்பென்னாத்தூரில் டைப்பிங் சொல்லிக்கொடுக்கிறவர், புதிதாகக் கம்ப்யூட்டரும் வாங்கியிருந்தார். காகிதத்தை மடித்து விரித்துப் பார்த்த உடனே சொல்லிவிட்டார். "அக்கா, மூணு பக்கம் பார்டர் இருக்குது. அடியில மட்டும் இல்ல பாரு. கத்திரி போட்டிருக்காங்க."

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, அடியில இன்னா இருந்துச்சு? செவ்வாயா? இல்ல அதுக்கும் மேலயா?"

ஜாதகத்தில் கத்திரி வைப்பது என்றால் சாதாரணமா? எங்கள் வீட்டுக்காரர், "அது வந்து, பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கிச்சுங்க" என்று இழுத்தார்.

பஜ்ஜித் தட்டோடு வந்த மலர் அங்கேயே நின்றாள். "மாட்டிக்கல. எங்க நைனா வெட்டிட்டாரு."

ஒருத்தர் வாயிலும் பஜ்ஜி இறங்கவில்லை. "வாங்க, உங்க கண்ணு முன்னாடியே எடுத்துக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டுப் பட்டுப்புடவையோடு கடைப் பக்கம் நடந்தாள். காபி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் பின்னாலேயே போனோம். பிரிண்டர் கத்திக்கொண்டே அதே ஜாதகத்தை முழுசாகத் தள்ளியது. தம்பிக்காரர் காகிதத்தைக் கிழித்து, அடி வரியைச் சத்தமாகப் படித்தார். பணம் செலுத்தப்படவில்லை.

"பணம் கட்டாத ஜாதகமா?" என்றார் அந்த அம்மா.

மலர் விஷயத்தைச் சொன்னாள். புரோகிராம் எழுதினவர் நம்பிக் கொடுத்தது, நாங்கள் கொடுக்காமல் இருப்பது, எதையும் விடவில்லை.

"அப்ப கட்டிட வேண்டியதுதானே?"

"நானும் அதத்தாங்க சொல்லினு இருக்கேன்" என்று அப்பாவைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எங்க ஜோசியர்கிட்ட எப்படிக் காட்டறது? கட்டிட்டு அனுப்புங்க. பாக்கலாம்" என்று எழுந்துவிட்டார் அந்த அம்மா. எங்கள் பக்கம் பெண் பார்த்த வீட்டில் 'பாக்கலாம்' என்றால் பெரும்பாலும் பார்க்க மாட்டார்கள் என்றுதான் அர்த்தம். பஜ்ஜியெல்லாம் அப்படியே ஆறிக் கிடந்தது. மலர் அழவில்லை. பிரிண்டரைத் துணி போட்டு மூடினாள்.

அன்றைக்கு நான் எங்கள் வீட்டுக்காரரைப் பேசின பேச்சை எழுத வேண்டாம், பேத்தி இருக்கிறாள். மறுநாள் தபாலாபீஸ் திறக்கிறதுக்கு முன்னாலேயே மணியார்டர் பண்ணப் போய் நின்றார். செய்தி எழுதுகிற இடத்தில் பக்கத்து எஸ்.டி.டி. பூத் நம்பரை மலர் எழுதிக் கொடுத்திருந்தாள்.

நாள் போனது. ஆவணி பிறந்தது. முகூர்த்தம் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டிருந்தது. கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் வேறு இடம் பார்க்கிறார்கள் என்று தரகர் வேறு கிளப்பிவிட்டார். நான் தேங்காயை எடுத்துக் கொடுப்பேன், காது பூத் பக்கமே இருக்கும். ஒரு மத்தியானம் பூத்துக்காரர் கத்தினார். "மலரு, போனு! திருநெல்வேலி!"

ரெண்டு பேரும் ஓடினோம். புரோகிராம் எழுதினவரேதான். நானும் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டேன், குரலைக் கேட்டால் அதிக வயசு இருக்காது. "பணம் வந்துட்டும்மா. ஒங்க ஊர்லேர்ந்து வந்த மொதப் பணம் இதுதான். யார் பேருக்குப் பதியணும், சொல்லுங்க" என்றார். பேரைச் சொன்னால் அதற்கேற்ற நம்பர் ஒன்று தருவார். பேரும் நம்பரும் சேர்ந்தால்தான் அந்த வரி போகும். மலர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. கடை பேரைச் சொல்லவில்லை, அவள் பேரைச் சொல்லவில்லை. என் பேரைச் சொன்னாள்.

நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். "வேற எதும் தப்பு கிப்பு இருக்கா?" என்று அவர் கேட்க, இவளும், "எங்க ஊரே உங்க பட்டியல்ல இல்லீங்க சார்" என்று போட்டாள். "அடப் பாவி, அண்ணாமலையாரையா விட்டுட்டேன்!" என்றார். நான் போனைப் பிடுங்கினேன்.

"ஏங்க, ஒரு ஈடு கூட வாங்கி வச்சுக்காம எந்த நம்பிக்கையில குடுத்தீங்க?"

"வாங்குனா வைக்க வீட்ல எடம் இல்லம்மா" என்று சிரித்தார். பில் ஓடுகிறது என்று அவரே வைத்துவிட்டார்.

வரி போய்விட்டது. அந்த இடத்தில் 'உரிமை பெற்றவர்' என்று போட்டு என் பேர். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அச்சில் என் பேரை ரேஷன் கார்டுக்கு வெளியே நான் பார்த்தது அதுதான் முதல். பத்து நாளில் இன்னொரு பிளாப்பியும் தபாலில் வந்தது, ஊர்ப் பட்டியலில் திருவண்ணாமலையோடு. மலர் தன் ஜாதகத்தை அதில் போட்டு எடுத்து, கத்திரிக்கோலை ஒளித்து வைத்துவிட்டு, மஞ்சள் வைத்து அனுப்பினாள்.

அவர்கள் ஜோசியர் பத்துக்கு ஏழு பொருத்தம் என்றாராம். "ஏழு போதும். எனக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் அஞ்சுதான்" என்று அந்த அம்மா ஆள் அனுப்பிச் சொன்னார். நிச்சயத்துக்கு நாள் குறித்தோம். இத்தோடு கதை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நிச்சயத்தன்று தட்டு மாற்றுகிற நேரம். சனம் நிறைந்து உட்கார்ந்திருக்கிறது. தாய்மாமன் முறைக்கு அந்தத் தம்பிக்காரர் எழுந்து தட்டைத் தொட வேண்டும். தொடவில்லை. சிரித்துக்கொண்டே மலரைப் பார்த்தார். "ஏம்மா மலரு, அந்த ஜாதகப் புரோகிராம எனக்கும் ஒரு பிளாப்பியில போட்டுக் குடு. அப்படியே அந்த நம்பரையும் எழுதிக் குடுத்துடு. சொந்தக்காரங்களாயிட்டமே, இன்னா?"

"பிளாப்பி எத்தன வேணும்னாலும் தரேங்க. தரலாம்னு அவரே எழுதியிருக்காரு. நம்பர் மட்டும் தர முடியாதுங்க."

"மாமன் கேட்டாக் கூடவா? அப்ப நானும் தட்டைத் தொடறதா வேணாமானு யோசிக்கணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கை மடியிலேயே இருந்தது. எங்கள் வீட்டுக்காரர் என் காதோரம், "குடுத்துடச் சொல்லு, ஒரு நம்பர்தானே" என்றார். மலர் முகம் வெளுத்துப் போச்சு. ஆனாலும் சரி என்று தலை ஆட்டவில்லை. மாப்பிள்ளை மாமனையும் இவளையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறான், பாவம்.

எனக்குப் பேசத் தெரியும், அது ஒன்றுதான் என் படிப்பு. எழுந்தேன். "தம்பி, நம்பரு குடுக்கறது பெரிசில்ல. அந்த நம்பரப் போட்டா கீழ என் பேருதான் வரும். நீங்க கீழ்பென்னாத்தூர்ல நூறு பேருக்கு அடிச்சுக் குடுப்பீங்க. அதுல நாலு கல்யாணம் தப்பாப் போச்சுன்னா, அவங்க உங்க வீட்டுக்கு வர மாட்டாங்க. பேரப் பாத்துட்டு எங்க கடை வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துவாங்க. உங்களுக்கு வர்ற பேரு உங்க பேராவே இருக்கட்டுமே. பணத்த அனுப்புங்க, அவரே போன் பண்ணுவாரு, ரொம்பத் தங்கமான மனுஷரு."

ஒரு மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சம்பந்தியம்மா தம்பி முதுகில் ஒன்று வைத்தார். "தட்டு மாத்தற எடத்துல நம்பர் கேக்குது பாரு! எடுடா தட்டை. வெத்தல வாடுது." அவரும் சிரித்து எடுத்துவிட்டார். மலர் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அவர் பிளாப்பி வாங்கிக்கொண்டு போனார். பணம் அனுப்பவில்லை, கடைசி வரைக்கும் அனுப்பவில்லை. ஆனால் வெட்டவும் இல்லை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் பழைய ஜாதகங்களை எடுத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் அந்த வரியோடுதான் இருக்கும். அதுவும் ஜாதகத்தில் ஒரு பகுதி என்று நினைத்து அந்த ஊர் ஜோசியர்கள் அதைத் தாண்டிப் படிக்கப் பழகிவிட்டார்கள். அந்த ஜாதகங்களை வைத்து நடந்த கல்யாணமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. இதில் யார் சரி என்று என்னைக் கேட்காதீர்கள். மலர் மாமியார் வீட்டில் தலை நிமிர்ந்து இருந்தாள், எனக்கு அது போதும்.

இப்போது கடையில் அந்தப் பாதி போன் கவர் விற்கிற பாதி. எஸ்.டி.டி. பூத் போய், ஜூஸ் கடை வந்து, அதுவும் போயிற்று. ஓட்டைக் காகிதம் கிடையாது. எங்கள் வீட்டுக்காரரும் இல்லை. பிளாப்பியைப் போட இன்றைய கம்ப்யூட்டரில் வாயே இல்லையாம். தபாலில் வந்த பிளாப்பி உறையில் இருந்த திருநெல்வேலி போன் நம்பரை மலர் ஒரு தரம் அடித்துப் பார்த்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பொம்பளை சொன்னாள். அந்த மனுஷர் என்ன ஆனாரோ, கல்யாணம் காட்சி என்று நன்றாக இருக்க வேண்டும்.

போனில் எல்லாம் ஓசி. பேத்திதான் சொன்னாள், ஓசி இல்லை ஆயா, நம்மகிட்டருந்து வேற எதையோ எடுத்துக்கறாங்க என்று. எதை என்றேன். அவளுக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யாரும் கேட்பதில்லை, அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. ஓட்டிப் பாருங்க, புடிச்சா குடுங்க, இல்லனா விட்டுடுங்க என்று ஒரு ஆள் எங்கிருந்தோ நம்மைப் பார்த்துச் சொன்னார். குடுக்கலாம், குடுக்காமல் இருக்கலாம், ரெண்டையும் நம் கையிலேயே விட்டுவிட்டார். அப்படி யாராவது நம்மைக் கேட்டு எத்தனை காலமாச்சு!

நான் சொல்லச் சொல்ல இத்தனையும் எழுதினது பேத்திதான். "ஆயா, இவ்ளோ சொன்ன, உம் பேர எங்கயும் சொல்லலயே, கடைசியில போடட்டுமா?" என்று கேட்கிறாள்.

இருடி, அவசரப்படாத. மொதல்லேருந்து ஒரு வாட்டி படிச்சுக் காட்டு. நல்லா வந்திருந்தா போட்டுக்கலாம்.